எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் கட்டுரை

"இன்றைய நவீன உலகிலே மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்த ஒன்றாக நூலகம் விளங்குகின்றது. நூலகம் இன்றி மனித வாழ்வைக் கற்பனை செய்தும் பார்க்க முடியாது. அத்தகைய நூலகத்தின் பயன்களை இக்கட்டுரையில் நோக்குவோம்."

பாடசாலைப் பிள்ளை ஒன்று பரீட்சைக்கு எழுதும் கட்டுரையின் தொடக்கம் இது. இதில் 'நூலகம்' என்பதை எடுத்துவிட்டு 'கணினி' என்று போடுங்கள், பொருந்தும். 'மரம்', 'விளையாட்டு', 'செய்தித்தாள்', 'நேரம்', எதைப் போட்டாலும் பொருந்தும். 'நுளம்பு' என்று போட்டால்கூட, கொழும்பில் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு முதல் வசனம் சரியாகத்தான் இருக்கும்.

பிள்ளையின் சோம்பலால் வந்தது இல்லை இது. சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை எழுதியிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சாதாரண தரப் பரீட்சைக்கு (பதினோராம் தரத்தில் எழுதும் பொதுப் பரீட்சை) படிக்கும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு தமிழ் பேப்பர் கிளாஸில் போய் உட்கார்ந்து பாருங்கள், செய்முறை விளங்கிவிடும். போட்டோகொப்பி அடித்த 'டியூட்' (டியூஷன் குறிப்பு) ஒன்று கைக்கு வரும். அதில் கட்டுரைக்கு ஒரு 'ஃபோமட்' இருக்கும். முன்னுரை ஐந்து வரி. பிறகு மூன்று பந்தி. ஒவ்வொன்றும் 'முதலாவதாக', 'மேலும்', 'அதுமட்டுமன்றி' என்று தொடங்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு குறள் வர வேண்டும். கடைசியில் 'எனவே' என்று தொடங்கி 'என்பதில் ஐயமில்லை' என்று முடிக்க வேண்டும். இந்த முறை வரக்கூடிய தலைப்புகள் என்று பத்துப் பதினைந்தின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் மாதிரிக் கட்டுரையும் பின்னால் இணைத்திருக்கும். பிள்ளை அதைப் பாடமாக்கும். எதிர்பார்த்த தலைப்பு வந்தால் அப்படியே இறக்கும். வராவிட்டால் கிட்டத்தட்ட இருப்பதை எடுத்துப் பெயரை மாற்றிவிடும்.

கட்டுரைக்குக் கட்டமைப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒரு பிடிமானம் வேண்டும்தான். ஆனால் இந்த வார்ப்பு, பிள்ளையிடமிருந்து ஒரு வேலையை முழுதாக எடுத்துவிடுகிறது: இந்த விடயத்தைப் பற்றி எனக்கு என்ன சொல்ல இருக்கிறது, அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வேலை. கட்டுரை எழுதுவதில் உண்மையிலேயே கடினமான பகுதி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எழுத எழுத வரும்.

வார்ப்புக்குப் பிறந்த ஊர் ஒன்று மட்டும் இல்லை. அமெரிக்கப் பாடசாலைகளில் இதற்குப் பெயர் 'ஐந்து பந்திக் கட்டுரை'. மேலே ஒரு பாண், கீழே ஒரு பாண், நடுவில் மூன்று அடுக்கு என்று ஹம்பர்கர் படம் வரைந்தே சிறுவர்களுக்குக் காட்டுகிறார்கள். பிரித்தானியப் பாடத்திட்டத்தில் படிக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு 'பீல்' என்ற சூத்திரம் பழக்கம்: கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு. இலங்கைக்குப் பரீட்சைக் கட்டுரை வந்த கதையும் பழையதுதான். 1880 முதல் இங்குள்ள மாணவர்கள் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளுக்குத் தோற்றினார்கள். விடைத்தாள்கள் கப்பலேறிப் போய், எழுதியவனின் ஊரை ஒருநாளும் பார்த்திராத ஒருவர் புள்ளி போட்டார். அப்படிப்பட்ட வாசகருக்கு எழுதும்போது சொந்த ஊரை விட்டுவிட்டு, எங்கும் செல்லுபடியாகும் பொதுவான பேச்சைப் பேசுவதுதான் பாதுகாப்பு. இன்று விடைத்தாள் கடல் கடப்பதில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

இது ஏன் இப்படி நிலைத்து நிற்கிறது என்று கேட்டால், பலரும் டியூஷன் ஆசிரியர்களைத்தான் கைகாட்டுவார்கள். என் பார்வையில் காரணம் மதிப்பீட்டு மேசையில் இருக்கிறது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்களைப் பிரதி எடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் அனுப்பிப் புள்ளி போடச் சொன்னார்கள். ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். இன்னொரு விடைத்தாளுக்கு 50இலிருந்து 97 வரை போனது. கட்டுரைக்குப் புள்ளி போடுவதில் உள்ள அடிப்படைத் தலையிடி இதுதான். பிள்ளையின் எதிர்காலம் யார் கையில் விடைத்தாள் விழுந்தது என்பதில் தங்கியிருக்கலாமா? கூடாது. ஆகவே புள்ளித்திட்டம் ஒன்று வேண்டும். உள்ளடக்கத்துக்கு இவ்வளவு, ஒழுங்கமைப்புக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு, எழுத்துப்பிழைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கட்டுக்கட்டாக விடைத்தாளை முன்னால் வைத்திருக்கும் ஆசிரியர் எதைத் தேடுவார்? கண்ணில் சட்டென்று படுவதை. முன்னுரை இருக்கிறதா, இருக்கிறது. பந்தி பிரித்திருக்கிறதா, பிரித்திருக்கிறது. மேற்கோள் உண்டு, முடிவுரை உண்டு. சிந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முழுவதையும் ஆறுதலாக வாசிக்க வேண்டும். வாசித்தாலும் இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்று இல்லை. ஆகவே எண்ணக்கூடியது புள்ளியாகிறது. புள்ளியாவது டியூட்டுக்குள் வருகிறது. டியூட்டில் இருப்பதையே எல்லாப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கியதும், அடுத்த ஆண்டு மதிப்பீட்டாளர் 'நல்ல கட்டுரை என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார். இந்தச் சுற்றில் ஒவ்வொருவரும் தம் இடத்தில் நியாயமாகத்தான் நடக்கிறார்கள். அதனால்தான் இதை உடைப்பது கடினம்.

இந்தச் சுற்று எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் 'சாட்' பரீட்சை நல்ல எடுத்துக்காட்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான அந்தப் பரீட்சையில் 2005 மார்ச்சில் ஒரு கட்டுரை சேர்க்கப்பட்டது. நேரம் 25 நிமிடம். எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த லெஸ் பெரல்மன், வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த புள்ளிகளையும் எடுத்துவைத்துப் பார்த்தார். நீளமான கட்டுரைகளுக்கு உயர்ந்த புள்ளி, குட்டையானவற்றுக்குக் குறைந்த புள்ளி. வாசிக்காமலே, நீளத்தை மட்டும் பார்த்துப் புள்ளியை ஊகிக்கலாம் போலிருந்தது. தகவல் பிழைக்குப் புள்ளி குறைக்கக் கூடாது என்று மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டலில் இருந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒரு போர் எந்த நூற்றாண்டில் நடந்தது என்பதை மாற்றி எழுதினாலும் பரவாயில்லை, நம்பிக்கையோடு எழுதினால் சரி. பிறகு 2014இல் அவரும் சில மாணவர்களும் சேர்ந்து ஒரு கணினி நிரலே செய்தார்கள். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால், இலக்கணம் பிசகாமல், பெரிய பெரிய சொற்களோடு, ஒரு பொருளும் இல்லாத கட்டுரையை அது கக்கும். கட்டுரைக்குத் தானாகப் புள்ளி போடும் மென்பொருள்களிடம் அவற்றைக் கொடுத்தபோது உயர்ந்த புள்ளிகள் கிடைத்தன. சாட் கட்டுரை 2016இல் விரும்பினால் எழுதலாம் என்றாகி, 2021இல் பொதுவான பரீட்சையிலிருந்து கைவிடப்பட்டது.

சீனாவில் இதற்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. மிங், சிங் அரச வமிசங்களின் காலத்தில் அரச உத்தியோகத்துக்கான பரீட்சையில் 'எட்டுக்கால் கட்டுரை' என்றொரு வடிவம் கோலோச்சியது. எட்டுப் பகுதி, இணை இணையாக வரும் வசனங்கள், பழைய நூல்களிலிருந்து எடுத்த தலைப்பு, எல்லாம் விதிப்படி. ஏழை வீட்டுப் பையனும் பணக்கார வீட்டுப் பையனும் ஒரே அளவுகோலில் நிற்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 17ஆம் நூற்றாண்டிலேயே கு யென்வூ என்ற அறிஞர், இந்தக் கட்டுரை செய்யும் கேடு பழங்காலச் சீனப் பேரரசன் ஒருவன் நூல்களை எரித்த கேட்டுக்குச் சமம் என்று எழுதிவிட்டார். அந்தப் பரீட்சை முறையே 1905இல் ஒழிக்கப்பட்டது. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு நாட்டின் கெட்டிக்காரர்கள் எல்லாம் பாடமாக்குவதில் கழித்த நேரத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை.

சரி, கொழும்புக்கு வருவோம். 'சூழல் மாசடைதல்' என்பது எந்த டியூட்டிலும் இருக்கும் தலைப்பு. மாதிரிக் கட்டுரையில் ஓசோன் படை, காடழிப்பு, பச்சை வீட்டு விளைவு, துருவப் பனி உருகுதல் எல்லாம் வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் இதை எழுதும் பிள்ளை எங்கே இருக்கிறது? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொலன்னாவையில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் குப்பை கொழும்பு நகரத்தின் வீடுகளிலிருந்து போனது. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் மூட்டை மூட்டையாக அள்ளும் அளவுக்கு ஒதுங்கின. மரைன் டிரைவ் பக்கம் வளரும் பிள்ளைக்கு அந்தக் கடல் பின்வாசல் மாதிரி. ஆனால் கட்டுரையில் மீதொட்டமுல்லையும் இல்லை, கப்பலும் இல்லை. துருவக் கரடி இருக்கிறது.

ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டேன். அவளுக்கு மீதொட்டமுல்லை தெரியும். அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தாராம். குப்பை லொறி வராத கிழமைகளில் மாடிப்படியில் நாற்றம் தாங்க முடியாது என்றும், மேல் மாடிக்காரர் பையை இரவில் கீழே போட்டுவிடுவார் என்றும் நன்றாகவே விவரித்தாள். இதை எழுதலாமே என்றேன். "டியூட்ல இல்லையே அங்கிள், எழுதினா புள்ளி வெட்டுவாங்க" என்றாள். புள்ளி வெட்டுவார்களா என்பது வேறு கதை. நல்ல ஆசிரியர் ஒருவர் கையில் அந்தத் தாள் விழுந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சொந்தமாக எழுதுவது ஆபத்து, பாடமாக்கியது பாதுகாப்பு. பதினைந்து வயதில் எழுத்தைப் பற்றி அவள் கற்ற முதல் பாடம் அது.

இன்னொரு தலைப்பு 'எனது கிராமம்'. அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, "பச்சைப் பசேலென்ற வயல்வெளிகளும் சலசலத்து ஓடும் அருவியும் சூழ்ந்த எனது கிராமம்" என்று எழுதுகிறது. தாத்தாவின் ஊர் வடமராட்சியாக இருந்தால் அங்கே அருவியே கிடையாது. ஹற்றனிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அருவி உண்டு, லயத்து வீடும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) உண்டு. ஆனால் கட்டுரையில் லயம் வராது, வயல்தான் வரும். புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர்களுக்கும் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் இடையில் தினமும் நடந்து பாடசாலை போகும் பிள்ளையின் ஊர் எந்த டியூட்டிலும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வார்ப்புக் கட்டுரையைக் கண்டிப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் 'கூறியது கூறல்' ஒன்று: முன்னுரையில் சொன்னதை முடிவுரையில் மறுபடி சொல்லச் சொல்வது அதுவே. 'வெற்றெனத் தொடுத்தல்' இன்னொன்று: பொருளில்லாத சொற்களை அடுக்குவது, அதாவது 'இன்றைய நவீன உலகிலே'. 'மற்றொன்று விரித்தல்': நூலகத்துக்குக் கேட்டால் கணினிக்குப் பாடமாக்கியதை இறக்குவது. 'சென்று தேய்ந்து இறுதல்': நன்றாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, நேரம் முடிய நிற்பது. 'நின்று பயன் இன்மை' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, இந்தக் குற்றங்களை இலக்கணக் கொப்பியில் எழுதவைத்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அவற்றையே கட்டுரைக்கு விதியாகக் கொடுக்கிறோம்.

வார்ப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் கட்டுரையையும் திருத்தி, தனித்தனியாகப் பேச ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு, வெற்றுத்தாளைப் பார்த்துப் பயந்து நிற்கும் பிள்ளைக்கு, ஃபோமட் ஒரு கைப்பிடி. சாதாரண தரத்தில் தாய்மொழியில் சித்தி வராவிட்டால் அடுத்த கதவு திறப்பது கடினம். அந்தப் பிள்ளையிடம் போய் 'சுயமாகச் சிந்தி' என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. இது நியாயமான வாதம். முழுதாக ஒத்துக்கொள்கிறேன், ஒரு இடம்வரை.

அந்த இடம் எது? கைப்பிடியைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிள்ளையை அடுத்த படிக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்பதுதான். வீட்டில் வாசிப்பும் பேச்சும் உள்ள பிள்ளை, பரீட்சைக்கு வார்ப்பை எழுதிவிட்டு மற்ற நேரத்தில் வேறு விதமாக எழுதவும் பேசவும் கற்றுவிடும். அதற்கு இரண்டு மொழிநடை தெரியும். வார்ப்பை மட்டுமே பெற்ற பிள்ளைக்கு ஒன்றுதான் தெரியும். யாருக்காக வார்ப்பு வேண்டும் என்கிறோமோ, கடைசியில் அதிலேயே சிக்கிக்கொள்பவரும் அவர்தான்.

சிக்கிக்கொள்வது எப்போது தெரியவருகிறது என்றால், பரீட்சை முடிந்த பிறகுதான். அடுத்து வரும் உயர்தரப் பரீட்சையில் வரலாற்றுக்கும் அரசியலுக்கும் மாதிரி விடைகளைப் புள்ளி புள்ளியாகப் பாடமாக்கி ஓரளவு தப்பிவிடலாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் இடத்தைத் தீர்மானிக்கும்போது, யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் போனதும் 'இந்த இரண்டு அறிஞர்களின் கருத்தையும் ஒப்பிட்டு உங்கள் நிலைப்பாட்டை எழுதுக' என்று வரும். நிலைப்பாடு என்ற ஒன்றை அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

வெளிநாடு போக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதுபவர்களிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். காலி வீதி நெடுக ஐயெல்ட்ஸ் வகுப்பு விளம்பரங்கள். தாதியர், கணக்காளர், கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் என்று பெருங்கூட்டம். எழுத்துப் பகுதியின் இரண்டாம் பணிக்குக் குறைந்தது 250 சொல், சுமார் 40 நிமிடம். அதற்கும் வார்ப்பு விற்கிறார்கள்: இந்த வசனத்தால் தொடங்கு, இந்த இணைப்புச் சொல்லைப் போடு, இப்படி முடி. ஆனால் அங்கே நான்கு அளவுகோல்களில் முதலாவது, கேட்ட கேள்விக்கு விடை சொன்னாயா என்பது. பாடமாக்கிய பகுதியை அடையாளம் காணப் பரீட்சகர்கள் பயிற்றப்பட்டிருக்கிறார்கள். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறி அடுக்கினால் கோர்வைக்கான புள்ளியும் குறையும். ஆறு, ஆறரைப் புள்ளி வரை வார்ப்பு தூக்கிவிடும் என்பார்கள். ஏழு கேட்கும் இடத்தில் அது காலைப் பிடித்து இழுக்கிறது. மூன்று முறை, நான்கு முறை பரீட்சைக் கட்டணம் கட்டி எழுதியவர்கள் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களா என்றால், அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர்கள்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளுக்கு மிகச் சுலபமாக வரும் வடிவம் எது தெரியுமா? முன்னுரை, மூன்று பந்தி, முடிவுரை. பிள்ளை இரண்டு வருடம் டியூஷன் போய்ப் பழகியதைக் கைபேசி சில விநாடிகளில் செய்துவிடுகிறது.

மாற்றம் எங்கிருந்து தொடங்கலாம்? பாடத்திட்டத்தைத் தலைகீழாக மாற்றுவதைவிட வினாவை மாற்றுவது சுலபம் என்பது என் எண்ணம். 'நூலகத்தின் பயன்கள்' என்று கேட்டால் வார்ப்புதான் வரும். வினாவே அதைத்தான் கேட்கிறது. 'உங்கள் பகுதி நூலகத்தை மாலை ஐந்து மணிக்கே மூடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று காட்டி மாநகர ஆணையாளருக்கு எழுதுக' என்று கேட்டால், பாடமாக்கியது பாதிக்கு மேல் உதவாது. ஒரு சிறிய அட்டவணையையோ, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடிதங்களையோ கொடுத்து, எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்கலாம். தலைப்பு ஊகத்துக்குள் அடங்காமல் போனால் தலைப்புப் பட்டியல் விற்பதும் குறையும். டியூஷன் சேர்மாரில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பரீட்சை வேறு விதமாகக் கேட்டால் அவர்களே முதலில் வேறு விதமாகக் கற்பிப்பார்கள். அவர்களுடைய தொழில் அதில்தான் இருக்கிறது.

வகுப்பறைக்குள் செய்யக்கூடியது இதைவிடச் சிறியது. தவணைக்கு ஐந்து கட்டுரை எழுதவைத்து எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவதை விட்டு, இரண்டு கட்டுரை எழுதவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை திருத்தி எழுதச் சொல்லலாம். முதல் வரைவுக்குப் புள்ளி வேண்டாம். ஓரத்தில் ஒரு கேள்வி போதும்: 'இது உனக்கு எப்படித் தெரியும்?' 'பார்த்தாயா, கேள்விப்பட்டாயா?' 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த வருடம் மின்வெட்டைப் பற்றியும் எரிபொருள் வரிசையைப் பற்றியும் எழுத ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கதை இருந்தது. அந்த இருட்டில் மெழுகுதிரி வைத்துப் பிள்ளைகள் பாடமாக்கியது 'மின்சாரத்தின் பயன்கள்'.

பொதுப் பரீட்சையில் வினாவை மாற்றினால் மட்டும் போதாது, வாசிக்கவும் நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விடைத்தாளும் வேறு வேறாக இருந்தால் மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றையும் முழுதாக வாசித்தாக வேண்டும். முன்கூட்டியே மாதிரி விடைத்தாள்களை வைத்து ஒன்றாக உட்கார்ந்து பேசி, எது நல்லது, ஏன் நல்லது என்று ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். ஒரு தாளை இரண்டு பேர் திருத்த வேண்டும், வித்தியாசம் கூடினால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். அதற்கு மதிப்பீட்டு நாட்களும் கொடுப்பனவும் கூடும், பெறுபேறு வெளிவரப் பிந்தும். பெறுபேறு இன்னும் வரவில்லையே என்று இப்போதே சத்தம் போடும் பெற்றோர், அந்தப் பிந்தலைப் பொறுத்துக்கொள்ளத் தயாரா என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டியிருக்கிறது.